ஆயிட்டா, அண்ணாச்சி?

மூன்றாமாண்டு மாணவர், கணினிப் பொறியியல் துறை, கடையநல்லூர்



நம்ம ஊர்ப் பக்கம் எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும். ரேஷன் கடை, கரண்ட் பில் கட்டுகிற இடம், ரயில்வே முன்பதிவு ஜன்னல், ஜெராக்ஸ் கடை... எங்கேயும் அதே கேள்விதான். "ஆயிட்டா, அண்ணாச்சி?" கேட்பவர் இந்தப் பக்கம் நிற்பார். கம்ப்யூட்டர் திரை அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். உள்ளே இருப்பவர் திரையை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "இருங்க, சுத்திக்கிட்டே இருக்கு" என்பார். ஆக, கேட்டவருக்கும் தெரியாது, கேட்கப்பட்டவருக்கும் தெரியாது. விஷயம் தெரிந்தது அந்த புரோகிராம் ஒன்றுக்குத்தான். அதுவோ வாயைத் திறக்காது!

இந்த மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவு, ரோபோ, விண்வெளி என்று எல்லாம் பெரிய பெரிய சமாச்சாரம். நான் எடுத்துக்கொண்டதோ ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டர் ஜன்னலின் ஒரு மூலையில் கிடக்கும் லேபிள். ஒரு பட்டனை அமுக்கினால் அந்த லேபிளில் உள்ள எழுத்து மாற வேண்டும். லேபில் முதல் வாரமே நாம் எல்லோரும் செய்ததுதான். அவுட்புட் வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அன்றோடு மறந்துவிட்டோம்.

ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எழுத்து எப்போது மாற வேண்டும்? மாறி என்ன சொல்ல வேண்டும்? இரண்டையும் சரியாகச் செய்யாவிட்டால் யாரோ ஒருவருடைய பாக்கெட்டில் ஓட்டை விழும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

யார் எஜமான்?

நாம் 'சி' படித்தபோது புரோகிராம்தான் எஜமான். "முதல் எண்ணைக் கொடு" என்று அது கேட்கும், கொடுப்போம். "இரண்டாவது எண்ணைக் கொடு" என்று கேட்கும், அதையும் கொடுப்போம். விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடும். நாம் குறுக்கே பேச முடியாது.

ஜன்னல், பட்டன், மவுஸ் வந்த பிறகு கதை தலைகீழ். 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டரில் வளர்ந்த இந்த வழி, 1984-ல் ஆப்பிள் மெக்கின்டாஷிலும் 1985-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலும் வீட்டுக்கு வந்தது. இங்கே எஜமான் மவுஸைப் பிடித்திருப்பவர். அவர் எந்தப் பட்டனை, எப்போது, எத்தனை தடவை அமுக்குவார் என்று புரோகிராம் எழுதுகிறவனுக்குத் தெரியாது. புரோகிராம் சும்மா காத்துக்கொண்டிருக்கும். ஏதாவது நடந்தால், அதாவது ஒரு 'ஈவன்ட்' வந்தால், அதற்கென்று எழுதிவைத்த சின்னப் பகுதி ஓடும். 1991-ல் வந்த விஷுவல் பேசிக் இதைச் சாதாரண ஆட்களுக்கும் எளிதாக்கியது. பட்டனை இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு காலி இடம் திறக்கும், அதில் லேபிளின் 'கேப்ஷனை' மாற்றி எழுதினால் வேலை முடிந்தது. நமக்கு முந்திய தலைமுறை கம்ப்யூட்டர் சென்டர்களில் படித்தது இதைத்தான். இன்று நாம் ஜாவாவின் ஸ்விங்கிலும் பைதானின் டிகின்டரிலும் செய்வதும் அடிப்படையில் இதேதான்.

இந்த ஈவன்ட்கள் எப்படி வந்து சேருகின்றன? ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் ஒரே ஆள். ஆர்டர் எல்லாம் சீட்டில் எழுதி ஒரு கம்பியில் வரிசையாகக் குத்தப்படும். மாஸ்டர் ஒரு சீட்டை எடுப்பார், முடிப்பார், அடுத்த சீட்டை எடுப்பார். ஒரு டீ என்றால் சட்டென்று முடிந்துவிடும். யாரோ ஒருவர் "மாஸ்டர், பஜாருக்குப் போயி பால் வாங்கிட்டு வாங்க" என்று ஒரு சீட்டுக் குத்திவிட்டால் என்ன ஆகும்? மாஸ்டர் கிளம்பிவிடுவார். அடுப்படியில் ஆள் இல்லை. ஆனால் சீட்டுகள் மட்டும் குவிந்துகொண்டே இருக்கும்!

இதில் ஒரு வேடிக்கை. கடை வாசல் போர்டில் "பால் வாங்கப் போயிருக்கிறார், 10 நிமிஷம் பொறுக்கவும்" என்று எழுத வேண்டியவரும் அதே மாஸ்டர்தான். எழுதச் சொல்லும் சீட்டும் அதே கம்பியில்தான் குத்தப்படுகிறது. அவர் திரும்பி வந்து அந்தச் சீட்டை எடுக்கும்போது பாலும் வந்திருக்கும், போர்டுக்கும் அவசியம் இருக்காது.

நம் லேபிளும் அப்படியே. "காத்திருக்கவும்" என்று லேபிளுக்கு ஆணை கொடுத்தவுடன் திரையில் எழுத்து மாறிவிடாது. "இந்த இடத்தைத் திரும்ப வரைய வேண்டும்" என்ற குறிப்பு மட்டும் பதிவாகும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பகுதி முடிந்து, வரிசைக்குத் திரும்பிய பிறகுதான் வரைதல் நடக்கும். நம்பிக்கை இல்லையென்றால் லேபில் செய்து பாருங்கள். பட்டனுக்குரிய பகுதியில் முதல் வரியில் லேபிளை மாற்றுங்கள். இரண்டாவது வரியில் 10 விநாடி தூங்கச் சொல்லுங்கள். பட்டனை அமுக்கினால் 10 விநாடிக்குப் பழைய எழுத்தே நிற்கும்!

4,000 ரூபாய்

இது வெறும் லேப் வேடிக்கை என்று நினைக்காதீர்கள். சென்ற வருஷம் செமஸ்டர் விடுமுறையில் மாலை நேரம் பணம் அனுப்பும் கடை ஒன்றில் உதவிக்கு நின்றேன். கடைப் பெயர் வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராமின் பெயரும் வேண்டாம்.

கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடிசாக்காரர் ஒருவர் சனிக்கிழமை தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புவார். அன்றைக்கு 4,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். கடை அண்ணாச்சி விவரங்களை அடித்து 'சென்ட்' பட்டனை அமுக்கினார். ஓரத்தில் 'ரெடி' என்று இருந்த எழுத்து அப்படியே நின்றது. பட்டனும் எப்போதும் போல் பளிச்சென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வெளுத்துப்போய், தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது. அவர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஹோ கயா, பாய்?" என்றார். நம்ம ஊர்க் கேள்விதான், பாஷை மட்டும் வேறு. அண்ணாச்சி திரையைப் பார்த்தார். "ரெடின்னே நிக்கி. அப்ப போகல போலுக்கு" என்று சொல்லி இன்னொரு தடவை அமுக்கினார்.

ஒரு நிமிஷம் கழித்து இரண்டு ரசீது வந்தது. 4,000 இரண்டு தடவை போயிருந்தது.

பணம் காணாமல் போகவில்லை, அவர் வீட்டுக்குத்தான் போனது. ஆனால் இரண்டாவது 4,000 கடையின் கணக்கிலிருந்து போன பணம். தகவல் சொல்வதற்குள் அவர் வீட்டில் அதை ஒரு கடனுக்குக் கட்டிவிட்டார்கள். "என் காசு, திரும்ப வேணும்" என்றார் அண்ணாச்சி. "நான் ஒரு தடவைதானே அனுப்பச் சொன்னேன்" என்றார் அவர். யார் பேச்சையும் தள்ள முடியவில்லை. கடைசியில் வாரம் 1,000 வீதம் 4 வாரம் கழிப்பது என்று முடிவானது. அந்த 4 வாரமும் ஒடிசாவில் ஒரு வீட்டுக்குப் பணம் குறைவாகப் போனது. அதற்குப் பிறகு அவர் ரசீது கைக்கு வரும்வரை அண்ணாச்சியின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தப் புரோகிராமின் உள்ளே எப்படி எழுதியிருந்தார்கள் என்று எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆனால் அறிகுறி எல்லாம் டீக்கடைக் கதையோடு பொருந்துகிறது. பட்டனுக்குரிய பகுதியே நெட்டுக்குப் போய்ப் பதிலுக்குக் காத்து நின்றால், லேபிளை வரைய ஆள் இல்லை. அதற்குள் அமுக்கிய இரண்டாவது அமுக்கு தொலைந்துபோகாது, சீட்டாகக் கம்பியில் காத்திருக்கும். முதல் வேலை முடிந்ததும் அதுவும் ஓடும். அண்ணாச்சி மேல் தப்புச் சொல்ல முடியுமா? 'ரெடி' என்று எழுதியிருந்தால் யாரும் அமுக்கத்தான் செய்வார்கள்.

எப்போது மாற வேண்டும்?

மருந்து கஷ்டமானதல்ல, ஒழுங்கு மாறக்கூடாது, அவ்வளவுதான். பட்டனை அமுக்கியதும் முதல் காரியமாக அந்தப் பட்டனை முடக்கு. இரண்டாவது, லேபிளை "அனுப்பப்படுகிறது" என்று மாற்று. மூன்றாவது, நீண்ட வேலையை வேறொரு 'திரெட்'டிடம் ஒப்படைத்துவிட்டு உடனே வரிசைக்குத் திரும்பு. பால் வாங்கப் பையனை அனுப்பிவிட்டு மாஸ்டர் அடுப்படியிலேயே நிற்பது மாதிரி! வேலை முடிந்ததும் பையன் தானாகப் போய் போர்டைத் தொடக்கூடாது. "முடிந்தது" என்று ஒரு சீட்டு மட்டும் குத்த வேண்டும். மாஸ்டர்தான் போர்டை மாற்றி, பட்டனைத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டும். ஜாவா ஸ்விங்கில் இதற்காகவே 'இன்வோக் லேட்டர்' இருக்கிறது. 2006-ல் வந்த ஜாவா 6-ல் 'ஸ்விங் வொர்க்கர்' என்று தனி வசதியே சேர்த்தார்கள். டிகின்டரில் 'ஆஃப்டர்' என்ற கட்டளையை வைத்து, பையன் வந்துவிட்டானா என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கலாம்.

விஷுவல் பேசிக் காலத்தில் 'டூ ஈவன்ட்ஸ்' என்று ஒரு குறுக்கு வழி இருந்தது. நடுவில் கொஞ்சம் நின்று, காத்திருக்கும் சீட்டுகளைக் கவனித்துவிட்டு வா என்று அர்த்தம். லேபிள் மாறிவிடும். ஆனால் அந்த இடைவெளியில் இரண்டாவது அமுக்கும் உள்ளே நுழைந்துவிடும். பட்டனை முடக்காமல் அதைப் போட்டால் வேலியை எடுத்துவிட்டு வாசலைப் பூட்டியது மாதிரிதான்.

பணம் சம்பந்தப்பட்டதென்றால் இன்னொரு காவலும் வேண்டும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் ஏற்காமல் இருக்க வேண்டும். ஆனால் அது உள்ளுக்குள் நடக்கிற காரியம். கவுண்டரில் நிற்பவருக்குத் தைரியம் கொடுப்பது லேபிள்தான்.

இதை ஒழுங்காகச் செய்த மெஷின் ஒன்றை 18 வயது தாண்டிய எல்லோரும் தொட்டிருக்கிறோம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்! 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. அதில் ஜன்னலும் இல்லை, மவுஸும் இல்லை. ஆனால் அதிகாரி பட்டனை அமுக்கினால் அவர் பக்கம் 'பிஸி' விளக்கு எரியும், நம் பக்கம் பச்சை 'ரெடி' விளக்கு எரியும். நாம் ஒன்றை அமுக்கினால் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு, நீளமாக ஒரு 'பீப்' சத்தம். அதன் பிறகு எத்தனை தடவை அமுக்கினாலும் ஏறாது. அதிகாரி திரும்ப அனுமதித்தால்தான் உண்டு. பிறகு சேர்ந்த ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிந்துவிட்டு விழும். கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சியும் யாரையும் கேட்காமல் வெளியே வருகிறார். 'ரெடி' என்ற சொல் உண்மையாகவே ரெடியாக இருக்கும்போது மட்டும் எரிகிறது, பாருங்கள்!

எவ்வளவு சீக்கிரம் பதில் வர வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ராபர்ட் மில்லர் என்பவர் 1968-லேயே இதை ஆராய்ந்தார். ஜேக்கப் நீல்சன் 1993-ல் அதை மூன்று எண்ணாகச் சுருக்கிக் கொடுத்தார். 0.1 விநாடிக்குள் மாறினால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை யோசனை அறுபடாது. 10 விநாடி தாண்டினால் மனசு வேறு பக்கம் போய்விடும், ஆகவே எவ்வளவு முடிந்தது என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம்ம ஊர் நெட் வேகத்துக்கு இந்த மூன்றாவது எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது!

என்ன சொல்ல வேண்டும்?

சரியான நேரத்தில் எழுத்து மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாறி வந்த எழுத்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

ஒருநாள் அம்மா போனில் வந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு, "ராஜபாளையம்-இல் அப்டின்னு போட்டிருக்கு. இது யாருலே பேசுற தமிழு?" என்று சிரித்தாள். ஊர்ப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, அதன் வாலில் 'இல்' ஒட்டிவிட்டார்கள். இங்கிலீஷில் இது செல்லும். ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு சொல், அவ்வளவுதான், பெயர் மாறாது. தமிழில் பெயரே மாறும்.

அதனால் என்னுடைய மினி புராஜெக்டுக்கு நம்ம ரயில் பாதையையே எடுத்துக்கொண்டேன். இரண்டு பட்டியல் பெட்டி, ஒரு லேபிள். ஏறும் ஊரையும் இறங்கும் ஊரையும் தேர்ந்தெடுத்தால், "கடையநல்லூரில் ஏறி ராஜபாளையத்தில் இறங்கவும்" என்று லேபிள் மாற வேண்டும். பாதையில் உள்ள பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சிவகாசி 'சிவகாசியில்' ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் 'ஸ்ரீவில்லிபுத்தூரில்' ஆகிறது. ராஜபாளையம் 'ராஜபாளையத்தில்'. சங்கரன்கோவில் 'சங்கரன்கோவிலில்'. பாம்புகோவில்சந்தை 'பாம்புகோவில்சந்தையில்'. தென்காசியும் செங்கோட்டையும் 'யில்' வாங்கிக்கொள்கின்றன.

பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த இலக்கணம் இங்கே புரோகிராமாக வந்து நிற்கிறது! இ, ஈ, ஐ என்று முடிந்தால் நடுவில் யகர உடம்படுமெய். 'ம்' என்று முடிந்தால் அது கெட்டு அத்துச் சாரியை. மற்ற மெய்யில் முடிந்தால் நேராக ஒட்டு. மூன்று 'இஃப்' போதும், நம் பாதை முழுக்க ஓடிவிடும். 'தமிழ்நாடு' மாதிரி 'டு' என்று முடிவது வந்தால் 'தமிழ்நாட்டில்' என்று இரட்டிக்க வேண்டும், அதற்கு நாலாவது 'இஃப்'.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யுனிகோடில் 'ம்' என்பது இரண்டு குறியீடு. மகரம் ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. 'கடையநல்லூர்' நம் கணக்கில் 7 எழுத்து, பைதானைக் கேட்டால் 11 என்னும். கடைசி ஒன்றை மட்டும் பார்த்தால் வெறும் புள்ளிதான் கிடைக்கும், கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தூரம் வரவே தமிழுக்கு ரொம்ப நாள் ஆனது. 1990-களில் விண்டோஸில் தமிழ் என்றால் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி ஃபான்ட், தனித்தனிக் குறியீடு. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் லேபிள் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக்கியது. யுனிகோடு பரவிய பிறகும் விஷுவல் பேசிக் 6-ன் சாதாரண லேபிள் அதைப் புரிந்துகொள்ளாமல் வரிசையாகக் கேள்விக்குறிதான் காட்டும். இன்று நமக்கு அந்தத் தடை இல்லை. அப்படியிருந்தும் 'ராஜபாளையம்-இல்' என்று எழுதினால் அது சோம்பல்தான்.

நேரம் இல்லையா? அதற்கும் வழி உண்டு. வாக்கியத்தை ஒட்டவே ஒட்டாதீர்கள். "ஏறும் ஊர்: கடையநல்லூர். இறங்கும் ஊர்: ராஜபாளையம்" என்று தனித்தனியாகக் காட்டுங்கள். இலக்கணப் பிழைக்கு இடமே இல்லை.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக ஒன்று. என் புரோகிராமில் லேபிள் மாற மூன்று காரணங்கள் இருந்தன. ஏறும் ஊர் மாறலாம், இறங்கும் ஊர் மாறலாம், "திரும்பும் பயணம்" என்ற பட்டனை அமுக்கினால் இரண்டும் இடம் மாறலாம். மூன்று இடத்திலும் தனித்தனியாக வாக்கியம் எழுதாமல், ஒரே ஒரு பகுதியை எழுதினேன். அது இப்போதுள்ள நிலையைப் பார்த்து வாக்கியத்தைப் புதிதாக அமைக்கும். எந்த ஈவன்ட் வந்தாலும் அதைக் கூப்பிட்டால் போதும். 1979-ல் டிரிக்வே ரீன்ஸ்காக் என்ற நார்வேக்காரர் அதே பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் சொன்ன 'மாடல், வியூ, கன்ட்ரோலர்' முறையின் சாரம் இதுதான். உள்ளே நிலை ஒன்று, வெளியே அதன் நிழலாக எழுத்து. இப்படிச் செய்தால் முந்தின ஆளுக்கு வந்த 'வெற்றி' அடுத்த ஆள் வரும்வரை பல்லிளித்துக்கொண்டு நிற்காது.

இந்த மாதிரி வேலை நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. பக்கத்திலேயே தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ பல ஆண்டுகளாக மென்பொருள் செய்துவருகிறது. டிப்ளமோ படித்தவர்களும் அங்கே புரோகிராம் எழுதுகிறார்கள். நாளை நாமும் ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் ஓடும் புரோகிராமை எழுதப் போகிறவர்கள்தான். ஆகவே, தம்பி தங்கைகளே, புராஜெக்ட் வைவாவுக்கு முந்தின நாள் மூன்று காரியம் செய்யுங்கள். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அதே பட்டனைப் பொறுமை இல்லாத ஆள் மாதிரி ஐந்து தடவை அமுக்கிப் பாருங்கள். பிறகு கம்ப்யூட்டர் படிக்காத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, லேபிளில் வருவதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடங்காமல் வாசித்து, என்ன நடந்தது என்று உங்களுக்கே திருப்பிச் சொல்லிவிட்டால், தைரியமாக வைவாவுக்குப் போங்கள். வாழ்த்துக்கள்!